ஸ்லாட்டில் உட்கார்ந்தால் போதுமா? – கணினி கேள்வி பதில்

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ரேம் பற்றியவைதாம். பிரிண்டரில் தாள் சிக்குகிறது, வைஃபை அறுந்து அறுந்து போகிறது என்று எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 12ஆம் தலைமுறை ஐ5 பிராசஸரும் பி660 மதர்போர்டும் வாங்கினேன். அண்ணன் தன் பழைய கணினியிலிருந்து இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் கழற்றிக் கொடுத்தார். இந்த பிராசஸர் டிடிஆர்4-ஐ ஏற்கும் என்று இன்டெல் தளத்திலேயே போட்டிருக்கிறது. ஆனால் ரேம் ஸ்லாட்டில் இறங்க மறுக்கிறது. கொஞ்சம் பலமாக அழுத்திப் பார்க்கலாமா? (கல்லூரி மாணவர்)

அழுத்தாதீர்கள். முதலில் கையை எடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

இப்போது ரேமை விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள். தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் ஒரு சிறிய வெட்டு இருக்கும். ஸ்லாட்டுக்குள் எட்டிப் பார்த்தால் அதே அளவில் ஒரு தடுப்பு நிற்கும். வெட்டும் தடுப்பும் நேருக்கு நேர் வந்தால்தான் ரேம் இறங்கும். உங்கள் ரேம் பழைய தலைமுறையான டிடிஆர்4; உங்கள் மதர்போர்டு புதிய தலைமுறையான டிடிஆர்5-க்கானது. இரண்டிலும் பின்கள், அதாவது அந்தப் பற்கள், 288. நீளமும் ஒன்றுதான். கண் ஏமாறுவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் டிடிஆர்5-இல் அந்த வெட்டு நடுப்பகுதிக்கு இன்னும் சற்று நெருங்கி வந்துவிட்டது. உங்கள் ரேம் இறங்காததற்குக் காரணம் அந்தச் சில மில்லிமீட்டர்தான். அது பழுது அல்ல. உங்களைப் போன்ற துணிச்சல்காரர்களிடமிருந்து மதர்போர்டைக் காப்பாற்றவே வேண்டுமென்று செய்த ஏற்பாடு.

ஏன் இவ்வளவு கறார்? டிடிஆர்4-க்கு அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட், டிடிஆர்5-க்கு 1.1 வோல்ட். வேறுபாடு அதோடு நிற்கவில்லை. டிடிஆர்4 காலம்வரை ரேமுக்கான மின்சாரத்தைப் பக்குவப்படுத்தி அனுப்பும் வேலை மதர்போர்டுடையது. டிடிஆர்5-இல் அந்த வேலைக்கான சிப் ரேமின் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே பின்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் எந்தப் பின்னில் என்ன ஓடுகிறது என்பது வேறு.

இன்டெல் தளத்தில் நீங்கள் படித்தது பொய்யல்ல. ரேமோடு பேசும் கட்டுப்பாட்டுப் பகுதி இன்றைய கணினிகளில் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. 2021 இறுதியில் வந்த 12ஆம் தலைமுறை, பழையதிலிருந்து புதியதற்கு மாறும் காலத்தில் பிறந்தது என்பதால் அதற்கு இரண்டு மொழியும் தெரியும். அடுத்து வந்த 13, 14ஆம் தலைமுறைகளுக்கும் அப்படியே. ஆனால் பிராசஸரிலிருந்து ஸ்லாட்வரை போகும் தடங்களும் ஸ்லாட்டும் மதர்போர்டுக்குச் சொந்தம். அரிதான ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, ஒரு மதர்போர்டு ஒரே வகை ரேமுக்குத்தான் கட்டப்படுகிறது. பிராசஸர் சரி என்று சொல்வதும் மதர்போர்டு சரி என்று சொல்வதும் இரண்டு தனித்தனிச் சம்மதங்கள். நீங்கள் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

'பி660' என்பது மதர்போர்டின் பெயரே அல்ல, அதிலுள்ள சிப்செட்டின் (பலகையின் மற்ற பாகங்களை பிராசஸரோடு இணைக்கும் சிப்) பெயர் என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. அதே பி660 சிப்செட்டை வைத்து ஒரே நிறுவனம் டிடிஆர்4-க்கு ஒரு பலகையும் டிடிஆர்5-க்கு இன்னொரு பலகையும் விற்றது. இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்று. டிடிஆர்4 வகைக்குச் சில நிறுவனங்கள் பெயரின் கடைசியில் 'டி4' என்று ஒரு வால் ஒட்டின. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்லாட் ஓரத்தில் பலகையிலேயே எந்த டிடிஆர் என்று அச்சடித்திருப்பார்கள். ஏஎம்டி பக்கம் இந்தக் குழப்பம் இல்லை: ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) என்றால் டிடிஆர்4, 2022இல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5. அவ்வளவுதான்.

விற்றவர் மாற்றித் தருவார் என்றால் டிடிஆர்4 பலகையாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டிடிஆர்5 வாங்க வேண்டியதுதான். அண்ணனுடைய ரேமைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பெட்டியில் 3200 என்று போட்டிருந்த டிடிஆர்4 ரேம் வாங்கினேன். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் 2666 என்கிறது. சிபியூ-இசட் மென்பொருளோ 1333 என்கிறது. என்னை எத்தனை பேர் ஏமாற்றியிருக்கிறார்கள்? என் பிராசஸர் 10ஆம் தலைமுறை ஐ5, மதர்போர்டு பி460. (கணக்காளர்)

யாருமே ஏமாற்றவில்லை. கணக்காளர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

டிடிஆர் என்பதில் முதல் 'டி' இரட்டிப்பைக் குறிக்கிறது. கடிகாரத் துடிப்பு ஒருமுறை ஏறும்போதும் இறங்கும்போதும் தரவு போகிறது. துடிப்பு நொடிக்கு 1333 மில்லியன் என்றால் பரிமாற்றம் அதன் இருமடங்கு, அதாவது ஏறத்தாழ 2666 மில்லியன். சிபியூ-இசட் துடிப்பை எண்ணுகிறது, டாஸ்க் மேனேஜர் பரிமாற்றத்தை எண்ணுகிறது. இரண்டும் ஒரே விடையைத்தான் சொல்கின்றன. ரேம் ஒட்டுத்தாளில் பிசி4-25600 என்றும் இருந்திருக்கும். 3200-ஐ எட்டால் பெருக்கினால் வரும் எண் அது. ஒரு பரிமாற்றத்துக்கு எட்டு பைட்.

சரி, 3200 எங்கே போயிற்று? ஒரு ரேம் தன்னைப் பற்றிய விவரங்களை ஒரு சிறிய சிப்பில் எழுதி வைத்திருக்கிறது. கணினி விழிக்கும்போது பயோஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) முதலில் அதைத்தான் படிக்கும். அதில் எல்லோருக்கும் பொதுவான வேகம் ஒன்று இருக்கும். சில ரேம்களில் அதற்கு மேலான வேகம் எக்ஸ்எம்பி என்ற தனிக் குறிப்பாக இருக்கும். அந்தக் குறிப்பை பயோஸுக்குள் போய் நாமே இயக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். உங்கள் விஷயத்தில் அதைச் செய்தாலும் பயனில்லை. உங்கள் ஐ5-க்கு அதிகாரபூர்வ எல்லை 2666, பி460 சிப்செட் அந்த எல்லையைத் தாண்ட விடாது. அதே பலகையில் அதே தலைமுறை ஐ7 போட்டிருந்தால் 2933வரை போயிருக்கும்.

கூடுதல் வேகமுள்ள ரேம் குறைந்த வேகத்தில் ஓடுவதால் கெடுதல் எதுவும் இல்லை. இன்னொரு மதர்போர்டுக்கு மாறும்போது அந்த 3200 உதவும். அப்போதும் டிடிஆர்4 பலகையாகத்தான் இருக்க வேண்டும். முதல் கேள்வியை மறுபடி படியுங்கள்.

கேள்வி: மதர்போர்டு நிறுவனத்தின் கியூவிஎல் பட்டியலில் என் ரேம் இல்லை. இல்லாததைப் போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்கிறார் நண்பர். உண்மையா? (பெயர் வெளியிட விரும்பாதவர்)

உங்கள் நண்பர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்ததே இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன். அது 'நாங்கள் சோதித்தவை' என்ற பட்டியல். 'மற்றவை கூடாது' என்ற பட்டியல் அல்ல. சந்தையில் இருக்கும் எல்லா ரேமையும் எந்த நிறுவனமும் வாங்கிச் சோதிக்க முடியாது. மதர்போர்டு வெளிவந்த பிறகு வந்த ரேம் பட்டியலில் இல்லாமல் போவது சகஜம்.

ஆனால் பட்டியலைத் திறந்தவர்களும் அதைப் பாதிதான் படிக்கிறார்கள். ரேமின் பெயரைத் தேடி, இருக்கிறது என்றதும் மூடிவிடுகிறார்கள். வலது ஓரத்தில் 1, 2, 4 என்று தலைப்பிட்ட சிறு கட்டங்கள் இருக்கும். எத்தனை ரேம் போட்டு அந்த வேகத்தைச் சோதித்தார்கள் என்பதற்கான கட்டங்கள் அவை. ஒன்றிலும் இரண்டிலும் குறி இருந்து நான்கில் இல்லையென்றால், நான்கு போட்டு அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள் என்று பொருள். என்னைக் கேட்டால் பட்டியலின் உயிரே அந்தக் கட்டங்களில்தான் இருக்கிறது.

தேடும்போது விளம்பரப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒட்டுத்தாளில் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஓடும் பாகக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். ரேம் நிறுவனங்களும் தங்கள் தளத்தில் மதர்போர்டு பெயரைக் கொடுத்தால் பொருந்தும் ரேம்களைக் காட்டுகின்றன. நான் இரண்டு பக்கமும் பார்ப்பேன். இரண்டில் ஒன்றில் இருந்தாலும் நிம்மதியாக வாங்குவேன்.

கேள்வி: ரைசன் 7000 வரிசை பிராசஸர். டிடிஆர்5-6000, இரண்டு 16 ஜிபி கொண்ட ஜோடி ஒன்றை ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன். வீடியோ தொகுப்புக்குப் போதவில்லை என்று அதே நிறுவனத்தின் அதே ஜோடியை இன்னொன்று வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினேன். இப்போது எக்ஸ்போவை (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டியின் வேகக் குறிப்பு) இயக்கினால் கணினி விழிக்கவே மாட்டேன் என்கிறது. இயக்காவிட்டால் 3600இல் ஓடுகிறது. புதிய ரேம் பழுதா? (படத்தொகுப்பாளர்)

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. சந்தேகம் இருந்தால் பழைய ஜோடியைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 6000இல் ஓடும்.

நீங்கள் பார்த்த 3600 என்ற எண் தற்செயலானது அல்ல. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் அதிகாரபூர்வ அளவே இதுதான்: இரண்டு ரேம் என்றால் 5200, நான்கு என்றால் 3600. 6000 என்பதே எல்லைக்கு அப்பாற்பட்ட வேகம். இரண்டு ரேமில் அது எளிதாகக் கைகூடுகிறது என்பதால் எல்லோரும் அதை உரிமை என்று நினைத்துக்கொண்டோம். ஒரு சேனலில் (பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதை) ஒன்றுக்குப் பதில் இரண்டு ரேம் தொங்கினால் பிராசஸரின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் சுமை ஏறுகிறது, தடத்தில் சமிக்ஞை மங்குகிறது. டிடிஆர்5 வேகத்தில் அந்த மங்கல் மிகவும் உறைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 'அதே ஜோடி' என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டி அதேதான்; உள்ளே இருக்கும் சிப் அதே என்று யார் சொன்னது? ஒரே பெயரில் விற்கும் ரேமில் நிறுவனங்கள் இடையிடையே சிப்பை மாற்றுவது உண்டு. ஜோடியாக விற்பதன் பொருளே அந்த இரண்டையும் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள் என்பதுதான். உங்கள் நான்கையும் சேர்த்து யாரும் சோதிக்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

உங்கள் வேலைக்கு 64 ஜிபி கட்டாயம் என்றால் சிறந்த வழி, இரண்டு ஜோடியையும் விற்றுவிட்டு இரண்டு 32 ஜிபி கொண்ட ஒரே ஜோடி வாங்குவது. அதை பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பெரும்பாலான நான்கு ஸ்லாட் பலகைகளில் அதுதான் முறை. உங்கள் மதர்போர்டுக் கையேட்டில் படம் இருக்கும். விற்க மனமில்லை என்றால் நான்கையும் வைத்துக்கொண்டு 3600இலிருந்து படிப்படியாக 4400, 4800 என்று கையால் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டி, ஒரு பிழைகூட வராமல் இருந்தால் மட்டும் அடுத்த படி. வீடியோ தொகுப்பில் நினைவகம் போதாமல் எஸ்எஸ்டியில் போய் முட்டுவதைவிட, வேகம் குறைந்த 64 ஜிபி எவ்வளவோ தேவலை.

கேள்வி: முதல் முறையாக நானே கணினி கட்டினேன். ஏஎம்5 மதர்போர்டு, டிடிஆர்5 ரேம். மின்விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் எதுவும் இல்லை. மதர்போர்டில் ரேம் என்று குறித்த சிறு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ரேம் பொருந்தவில்லையா? (இல்லத்தரசி)

அம்மா, முதலில் என் மானக்கேட்டைச் சொல்கிறேன். முதல்முதலாக ஏஎம்5 கணினி ஒன்றைக் கட்டியபோது எனக்கும் இதே காட்சிதான். விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. ஒரு நிமிடம் பார்த்தேன், அணைத்தேன். ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினேன். மறுபடி ஒரு நிமிடம், மறுபடி அணைத்தேன். மூன்றாவது முறை ரேமை இடம் மாற்றினேன். நான்காவது முறை இயக்கியபோது தொலைபேசி வந்தது; பேசிவிட்டுத் திரும்பினால் பயோஸ் திரை அமைதியாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. இருபது வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்ளும் ஆள், ஒவ்வொரு முறையும் வேலை முடிவதற்குள் நானே அதை நிறுத்தியிருக்கிறேன்.

நடப்பது இதுதான். புதிய ரேமைக் கண்டதும் பிராசஸர் அதனோடு எந்த நேர இடைவெளியில், எந்த மின்னழுத்தத்தில் பேசினால் பிழையில்லாமல் பேச முடியும் என்று மாற்றி மாற்றி முயன்று பார்க்கிறது. நினைவகப் பயிற்சி என்பார்கள். டிடிஆர்5-இல், அதிலும் முதல் முறை, இது பல நிமிடம் பிடிக்கலாம். ரேம் அளவு கூடக் கூட நேரமும் கூடும். இதை எச்சரித்து ஸ்லாட்டின் மேலேயே ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்பிய மதர்போர்டுகளும் உண்டு. பயோஸைப் புதுப்பித்தாலும், அமைப்பை அழித்தாலும் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே இயக்கிவிட்டுக் கால்மணி நேரம் தொடாதீர்கள். அதன் பிறகும் கறுப்பாகவே இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, ஒரே ஒரு ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். செருகும்போது இரு முனையையும் சமமாக அழுத்துங்கள். கொக்கி 'டக்' என்று தானாக மடங்க வேண்டும். சில மதர்போர்டுகளில் ஒரு பக்கம்தான் கொக்கி இருக்கும். மறுபக்கம் பாதி தூக்கி நின்றாலும் தெரியாது. விரலால் மேல்விளிம்பைத் தடவிப் பாருங்கள், சரிவாக இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: நான்கு ஸ்லாட்டில் இரண்டு மட்டும் வேலை செய்கின்றன. ரேமை மாற்றி மாற்றிப் போட்டாயிற்று. (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ரேமை விடுங்கள், பிராசஸரைக் கழற்றிப் பாருங்கள் ஐயா. கட்டுப்பாட்டுப் பகுதி அங்கேதானே இருக்கிறது? சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலே ஒரு சேனல் முழுதும் காணாமல் போகும். பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் வைத்துக்கொண்டு பின் வரிசைகளைப் பாருங்கள். வளைந்தது மட்டும் வேறு மாதிரி மின்னும். எல்லாம் நேராக இருந்தால் கூலரின் திருகுகளைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் இறுக்கினாலும் இதே தொல்லை வரும்.

துண்டுக் கேள்விகள்

சர்வரில் இருந்து கழற்றிய டிடிஆர்4 ரேம் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா? அது 'ரெஜிஸ்டர்டு' வகை என்றால் கூடாது. டிடிஆர்4-இல் அது உங்கள் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், கணினி விழிக்காது. மலிவாகக் கிடைப்பதே அதனால்தான்.

மடிக்கணினி ரேமை மேசைக் கணினியில்? நீளமே பாதிதான், பின்களும் டிடிஆர்4-இல் 260, டிடிஆர்5-இல் 262. வாய்ப்பில்லை.

8 ஜிபியோடு 16 ஜிபி சேர்க்கலாமா? பெரும்பாலும் ஓடும். இரண்டிலும் 8, 8 இரட்டைச் சேனலாகவும் மிச்சமுள்ள 8 ஒற்றைச் சேனலாகவும் ஓடும். இரண்டில் மெதுவானது எதுவோ அந்த வேகத்துக்கு மற்றதும் இறங்கிவிடும்.

டிடிஆர்4-3200இல் சிஎல்16, டிடிஆர்5-6000இல் சிஎல்30. புதியது மந்தமா? இல்லை. சிஎல் என்பது கேட்ட தரவு ரேமிலிருந்து வரத் தொடங்கும்வரை காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை. 1600-க்கு 16 துடிப்பு, 3000-க்கு 30 துடிப்பு. இரண்டுமே 10 நானோநொடிதான்.

24 ஜிபி, 48 ஜிபி என்று புதிய அளவுகள் வருகின்றனவே? டிடிஆர்5-இல் மட்டும். பலகை 2022ஆம் ஆண்டினது என்றால் முதலில் பழைய ரேமோடு பயோஸைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

கேள்வி: என் மதர்போர்டுக்கு எந்த ரேம் போடலாம்? உடனே பதில் வேண்டும். (அவசரத்தில் இருப்பவர்)

எந்த மதர்போர்டு? கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், உறையைக்கூடப் பிரித்துப் பார்த்தேன், பெயர் இல்லை. இந்த மாதம் மட்டும் இப்படி மூன்று கடிதங்கள்.

கணினி ஓடுகிறது என்றால் விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் பேஸ்போர்டு ப்ராடக்ட் என்ற வரிக்கு எதிரே இருப்பதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் வாலையும் சேர்த்து. கணினி ஓடவில்லை என்றால் கேபினட்டின் பக்கக் கதவைத் திறங்கள். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவிலோ அதற்குக் கீழேயோ பெயர் பெரிதாக அச்சாகியிருக்கும். சில நிறுவனங்கள் மூலையில் பொடி எழுத்தில் பதிப்பு எண்ணும் போடுகின்றன; அதுவும் வேண்டும். கூடவே பிராசஸரின் முழுப்பெயர், இப்போது எத்தனை ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பது. மூன்றையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் உங்களுக்குத்தான் முதல் பதில்.